ஆயிரம் நோட்டீஸ், வந்தவர்கள் 19 பேர்: எங்கே பிசகியது?

கேட்டவர் புளியந்தோப்புப் பக்கம் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் குழுவில் இருக்கும் மாணவி. சர்க்கரை, பிபி, டெங்கு மூன்றையும் பற்றி 1,000 நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு பேரணி. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்குப் பரிசோதனை முகாம். வந்தது 19 பேர். "இந்த மக்களுக்கு உடம்பு மேல் அக்கறையே இல்லையா? விழிப்புணர்வு கொடுக்க எந்த வழிதான் பலிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். நோட்டீஸா, நாடகமா, வாட்ஸ்அப்பா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் அவரைக் குடைவது வேறு: சொன்னோமே, தெரிந்திருக்குமே, பிறகு ஏன் செய்யவில்லை? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 20 வருடத்துக்கு மேல் சுகாதாரக் கல்வி வேலை பார்த்தவன். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, உங்கள் புளியந்தோப்பு, நடுவில் கொஞ்ச காலம் கண்ணகி நகர். நான் முன்னின்று நடத்திய முதல் முகாமுக்கு வந்தது 11 பேர். அதில் 4 பேர் பந்தல் போட்டவர்கள். ஆகவே 19 என்பதற்காக மனம் நோக வேண்டாம்.

முதலில் நேரம். ஞாயிறு காலை 10 மணிக்கு உங்கள் பகுதியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதிப்பேர் கறிக்கடை வரிசையில், மீதிப்பேர் அடுப்படியில். வாரம் முழுக்க வேலைக்குப் போனவர்களுக்கு வயிறாரச் சாப்பிடும் ஒரே நாள் அது; அன்றைக்குப் பார்த்து சர்க்கரை பார்க்கலாம் வாருங்கள் என்றால் யார் வருவார்? வெறும் வயிற்றில் வர வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று நோட்டீஸில் இருந்ததா? காசிமேட்டில் நாங்கள் இதே தப்பைச் செய்தோம். விடியற்காலை மீன் ஏலம் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்களைக் காலை 11 மணிக்குக் கதவைத் தட்டிக் கூப்பிட்டோம். திட்டு வாங்கினோம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மதியம் 2 மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். 3 மணியிலிருந்து 5 மணி வரை, தண்ணீர் லாரி வராத நாளாக இருந்தால், வாசற்படியில் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒரு வாரம் தெருவில் சும்மா நடந்து தெரிந்துகொண்டது.

அடுத்தது சொல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை இங்கேதான் கெடுகிறது. உங்கள் நோட்டீஸில் 'உயர் ரத்த அழுத்தம்' என்று போட்டிருப்பீர்கள். 'அழுத்தம்' என்றால் நம் ஆட்களுக்கு மன அழுத்தம்; டென்ஷன். சரி, பிபி என்றே சொல்லலாம் என்றால் அதில் வேறு வம்பு. "எனக்கு பிபி ஏத்தாத" என்றால் கோபப்படுத்தாதே என்று அர்த்தம். 'ரத்தக் கொதிப்பு' என்ற பழைய சொல்லோ உடம்புச் சூட்டை நினைவுபடுத்துகிறது. மோரும் இளநீரும் குடித்தால் தணிந்துவிடும் என்று நம்பினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருவரிடம் பிபி பார்க்கலாம் என்றேன். "எனக்கு இன்னாத்துக்குத் தம்பி பிபி? நான் யார்கிட்டயும் கத்தறதே இல்லியே" என்றார். கூடையை இறக்கி வைக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தோம். மேல் அளவு 178. திரும்ப எடுத்தோம், 174. ஆயாவுக்குத் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, கோபமும் இல்லை. நோட்டீஸில் இருந்த ஒரு வரி கூட அவரைப் பற்றியது இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பேச்சை மாற்றினோம். "பிபின்னா கோபம் இல்ல. குழாயில தண்ணி ரொம்ப வேகமா வந்தா என்ன ஆகும், பைப் தேயும், ஜாயிண்ட் விட்டுப்போகும். உங்க ரத்தக் குழாய்லயும் அப்படித்தான். வெளியே ஒண்ணும் தெரியாது. அளந்து பார்த்தாத்தான் தெரியும்." அவ்வளவுதான். 140-க்கு 90 என்ற எண்ணை மட்டும் சொல்லித் தருவோம். அந்த அளவோ அதற்கு மேலோ இரண்டு வேறு நாட்களில் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று. பிறகு மாத்திரையை நிறுத்துகிறவர்கள். "நார்மல் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்." நார்மல் என்ற சொல்லை நாம்தான் சொன்னோம்! "மாத்திரை சாப்பிடறதால நார்மலா இருக்கு" என்று முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். 'பாசிட்டிவ்' என்ற சொல்லும் இப்படித்தான். டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் நல்ல சேதி என்று சிரித்துக்கொண்டு போனவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காச நோய்க்குச் சளிப் பரிசோதனை என்கிறோம். டப்பாவைக் கையில் கொடுத்தால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் கிருமி தெரியாமல் போகலாம்; நோய் இல்லை என்று எழுதி வரும்; மனிதர் இன்னும் இரண்டு மாதம் இருமுவார். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியாக வருவதை எடுக்க வேண்டும் என்று நாங்கள் நடித்தே காட்டுவோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அப்படியே. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குப் புகட்டுவார்கள். உப்பு அதிகமாகி அது குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். "ஒரு லிட்டர்" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, காலி லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் அந்த அம்மாவையே கலக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்ப உதவியது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில், "புரிஞ்சுது." மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போனதும் மாமியார் கேப்பாங்க இல்ல, என்ன சொன்னாங்கன்னு? என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அப்போது வரும் பதிலைக் கேட்டால், நீங்கள் சொன்னது ஒன்று, அவர் காதில் விழுந்தது இன்னொன்று என்று தெரியும். அது அவர் தப்பு இல்லை. உங்கள் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று அவர் காட்டித் தருகிறார்.

இனி டெங்கு. மூன்று விஷயத்தை ஒரே நோட்டீஸில் போட்டது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அது கிடக்கட்டும். 'தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்' என்று போட்டிருந்தீர்களா? குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராத தெருவில், ட்ரம்மும் பத்துக் குடமும் வைத்துக் காலம் தள்ளும் வீட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். "கொசு எங்க வீட்ல இல்ல சார், கால்வாய்ல இருந்து வருது" என்பார்கள். உங்களுக்குப் பக்கத்தில் 'ஓட்டேரி நல்லா' என்ற கால்வாய் ஓடுகிறது, பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. அவர்கள் சொல்வது பாதி சரி. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு அந்தச் சாக்கடையில்தான் வளர்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வேறு. அதற்குச் சுத்தமான தண்ணீர் போதும், பகலில் கடிக்கும். இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு தடவை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை உருவி, அதில் இருந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தோம். குட்டிக் குட்டியாய் நெளிந்துகொண்டு மேலே வருவதும் கீழே போவதுமாக ஏழெட்டுப் புழு. அந்த வீட்டுப் பையன் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டப் போய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் எத்தனை ட்ரம் கவிழ்ந்தது தெரியுமா! நாங்கள் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு நாள் ட்ரம்மைக் காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, மறுபடி பிடித்து, வேட்டித் துணியால் வாயைக் கட்டுங்கள். ஏன் தேய்க்க வேண்டும் என்றால், ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஏன் வாரத்துக்கு ஒரு நாள் என்றால், நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைச் சேர்க்காதே என்பது அவர்களால் முடியாத காரியம். தேய்த்துக் கழுவு என்பது முடிந்த காரியம். சர்க்கரைக்கும் இதே கணக்குதான். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் வீட்டில் சோற்றை நிறுத்து என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அடுத்த வேளையே அது மறந்துபோகும். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டுங்கள் என்றால் செய்து பார்ப்பார்கள். அதையும் சாப்பிடும் ஆளிடம் மட்டும் சொல்லாமல் சமைக்கும் ஆளிடமும் சொல்ல வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லும்போது கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வெறுமனே உப்பு என்றால் சாம்பாரில் போடுவதை மட்டும்தான் நினைப்பார்கள்.

சரி, எந்த வழி பலிக்கும் என்பதற்கு உறுதியாக என்ன சொல்லலாம்? ஒரே ஆள் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்து பேசுவது பலிக்கும். இதற்கு நம் ஊரிலேயே பழைய சான்று உண்டு. 1956-இல் சென்னையில் காச நோய்க்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். சானடோரியம் என்ற காச நோய் மருத்துவமனையில் படுக்க வைத்து வைத்தியம் பார்ப்பதும், நெரிசலான ஏழை வீடுகளிலேயே வைத்து மாத்திரை கொடுப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டார்கள். 1959-இல் வந்த முடிவு, வீட்டு வைத்தியமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பலன் தருகிறது என்றது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க காச நோய் வைத்தியத்தை மாற்றிய ஆய்வு அது. மருந்தின் பெருமை மட்டும் என்று நினைக்காதீர்கள்; வீடு தேடிப் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்த ஆட்களும் அதில் இருந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களுக்கும் அந்த பலம் உண்டு. உங்கள் பகுதித் தன்னார்வலர் யார் என்று தெரிந்து அவரோடு சேர்ந்து போங்கள். மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவீர்கள், அவர் இருப்பார்.

செல்போன் செய்தியும் பலிக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. 2013-இல் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் நேரில் ஆலோசனை. பாதிப்பேருக்கு மட்டும் உணவு, நடை பற்றிய குறுஞ்செய்தி தொடர்ந்து போனது. இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் யார்? பரிசோதனை செய்துகொண்டவர்கள், தங்களுக்கு ஆபத்து இருப்பது தெரிந்தவர்கள், தங்களுக்கென்றே எழுதிய செய்தியைப் பெற்றவர்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'காலை வணக்கம்' படங்களுக்கு நடுவில் நீங்கள் போடும் ஃபார்வர்டுக்கு இந்தச் சான்று பொருந்தாது.

சந்தேகத்துக்குரியவை என்று நான் வைப்பது வீதி நாடகம், சுவர் விளம்பரம், பெரிய பிரசாரம். பலிக்காது என்று சொல்லவில்லை. கூட்டம் சேரும், பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு செயலாக மாறியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2000-களின் தொடக்கத்தில் புள்ளி ராஜா என்ற கற்பனை ஆளை வைத்து 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சென்னை முழுக்க விளம்பரம் வைத்தார்கள், நினைவிருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். டீக்கடையில் எய்ட்ஸ் என்ற சொல்லையே எடுக்காத ஆண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அது சாதாரணக் காரியமில்லை. கூடவே, ராஜா என்று பெயர் வைத்தவனெல்லாம் கேலிக்கு ஆளானான். எங்கள் வேலைக்கு அந்த விளம்பரம் ஒரு வகையில் கை கொடுத்தது: ஆணுறை பற்றிப் பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கு கிடைத்தது. ஆரம்பித்த பேச்சை முடிக்க ஆள் போக வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடக்க வைக்கும் பேரணியைப் பற்றி என் கருத்து இதைவிடக் கடுமையானது. அது புகைப்படத்துக்கு. அவ்வளவுதான்.

வதந்தி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே அதை எதிர்கொள்வீர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் நடந்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியால் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் அப்போது முதலில் செய்தது தப்பு. புரளியை அப்படியே பெரிய எழுத்தில் போட்டு, கீழே சின்னதாக 'இது பொய்' என்று அடித்தோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் புரளிதான் தெரிந்தது. கடைசியில் நிலைமையை மாற்றியது ஒரு அங்கன்வாடி டீச்சர். "உங்க பிள்ளைக்குப் போட்டீங்களா டீச்சர்?" என்று ஒரு அம்மா நேருக்கு நேர் கேட்டார். டீச்சர் தன் மகளைக் கூட்டி வந்து நிறுத்தினார்.

பயமுறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரையால் அழுகிய கால் படத்தை முகாமில் மாட்டும் பழக்கம் உண்டு. அடுத்து என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்று கையோடு சொல்லாமல் பயத்தை மட்டும் கொடுத்தால் மனிதர்கள் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "டெஸ்ட் எடுத்தா இருக்குன்னு சொல்லிடுவாங்க, எதுக்கு?" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முகாமுக்கு வராதவர்களில் இவர்களும் இருப்பார்கள். இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல, பயந்தவர்கள். அவமானமும் அதே வேலையைச் செய்யும். 2020-இல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது, பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்தவர் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்வதெல்லாம் வடசென்னைத் தெருக்களில் பார்த்தது. பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிகளில் இது எப்படி நடக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே செக்யூரிட்டியைத் தாண்டுவதே தனி உத்தி. மருந்து, அளவு பற்றி யாராவது கேட்டால் நீங்களும் என்னைப் போல ஒதுங்கிக்கொள்ளுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், அல்லது 104-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு தடவை அந்த நிலையத்துக்குப் போய், எந்த நேரம் டாக்டர் இருக்கிறார், பிபி மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நம் பேச்சை நம்பிப் போனவர் மாத்திரை இல்லை என்று திரும்பி வந்தால், மறுபடி அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது. எனக்கு அப்படி ஒரு தெரு இருக்கிறது.

அடுத்த முகாமைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த 19 பேரின் பெயரும் அளவும் எழுதி வைத்திருக்கிறீர்கள்தானே? அதில் பிபி 140-க்கு 90-ஐத் தொட்டவர்களையும், சர்க்கரை அதிகமாக இருந்தவர்களையும் பிரித்து எடுங்கள். ஐந்தோ ஆறோ பேர் இருக்கலாம். இந்த வாரமே, 3 மணிக்கு மேல், தன்னார்வலர் அக்காவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். நோட்டீஸ் வேண்டாம், பிபி மெஷினை எடுத்துப் போங்கள். நீங்கள் அளந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.